கச்சான் காற்றும் இரண்டு வாசகர்களும்

கேள்வி: அம்மா, எனக்கு 29 வயது. தங்கச்சிமடத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாக இரவு நேரங்களில் எழுதி, 22 அத்தியாயங்கள் கொண்ட மர்ம நாவல் ஒன்றை முடித்திருக்கிறேன். ஆடி மாதத்தில் பாம்பனில் நடக்கும் ஒரு கொலைதான் கதை. என்னைப் போலவே எழுதிப் பழகும் ஐந்து பேர் இணையத்தின் வழியே பழக்கமானார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்து, ஒளிவுமறைவு இல்லாமல் கருத்துச் சொல்வது என்று பேசி வைத்திருக்கிறோம். என் நாவலை மூன்று பேர் ‘அருமை, விறுவிறுப்பு’ என்றார்கள். மண்டபத்து நண்பர், ‘மூன்றாம் அத்தியாயத்திலேயே கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது’ என்றார். கோயம்புத்தூர் நண்பரோ, ‘ஒரு துப்புக்கூட வைக்காமல் கடைசியில் ஏமாற்றிவிட்டீர்கள்’ என்றார். இவர் பேச்சைக் கேட்டு ஒருமுறையும் அவர் பேச்சைக் கேட்டு ஒருமுறையும் திருத்தி, இப்போது எதையும் தொட மனம் வரவில்லை. யார் சொல்வது சரி? இதற்கிடையில் சென்னை நண்பரின் நாவலில் 1972ஆம் ஆண்டு கதாநாயகன் தனுஷ்கோடி ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறான். ‘ஊரைப் பார்க்காமலே எழுதியிருக்கிறீர்கள்’ என்று உள்ளதைச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. கதையை இத்தனை பேருக்கு அனுப்புகிறோமே, யாராவது எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தையும், அதோடு அனுப்பியிருந்த கதைச்சுருக்கத்தையும், பதினோராம் அத்தியாயத்தையும் இரண்டு முறை படித்தேன். மண்டபத்து நண்பரும் கோயம்புத்தூர் நண்பரும் சொல்வது ஒன்றுக்கொன்று முரணானது என்று நீங்கள் நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். இருவருமே உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும், உங்கள் நாவலின் ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் இருவரும் பேசுகிறார்கள். எப்படியும் அந்த இடத்தை மாற்றப்போவதாகவும், அதனால் இங்கே வெளிப்படையாகப் பேசலாம் என்றும் நீங்கள் எழுதியிருப்பதால், அந்த வரியையே எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் அத்தியாயத்தில், விசாரிக்க வரும் காவலரிடம் ஒருவன், ‘அன்னைக்கு ராத்திரி தென்கடல்ல வலை விட்டிருந்தேன்’ என்று சொல்கிறான். இருபத்தோராம் அத்தியாயத்தில் அது பொய் என்று இன்ஸ்பெக்டர் நிறுவுகிறார். ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எழும்பி, மன்னார் வளைகுடாப் பக்கமுள்ள தென்கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும்போது, சிறிய நாட்டுப்படகில் ஒற்றை ஆளாக அங்கே போய் வலை விடுவது நடக்காத காரியம் என்பது அவருடைய வாதம். நல்ல துப்பு அது. இந்தக் கரையில் பிறந்த ஒருவர்தான் அதை வைத்திருக்க முடியும். கச்சான் காலத்தில் தென்கடல் பொங்குவதும், பாக் நீரிணைப் பக்கமுள்ள வடகடல் அடங்கிக் கிடப்பதும், ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று தொடங்கியதும் அது அப்படியே தலைகீழாவதும், அதற்கேற்பப் படகுகளை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாற்றிக் கட்டுவதும் பாம்பனிலும் மண்டபத்திலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே மண்டபத்து நண்பரைப் பொறுத்தவரை, அந்த மனிதன் வாயைத் திறந்த மாத்திரத்தில் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். கோயம்புத்தூர் நண்பருக்கோ கடல் என்றால் ஒரே கடல்தான். தெற்கே வலை விட்டானா வடக்கே விட்டானா என்பது, அவர் கண்ணில் நிற்காமல் கடந்துபோகும் ஒரு சொல். கடைசியில் இன்ஸ்பெக்டர் காற்றைப் பற்றி விளக்கும்போதுதான் முதன்முதலாக அப்படி ஒன்று இருப்பதையே அவர் அறிகிறார். எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லாத ஒன்றை வைத்து முடிச்சை அவிழ்த்துவிட்டாயே என்று அவர் கோபப்படுவது நியாயம்தான்.

உங்கள் துப்பு ஒரு கரையில் வெளிச்சமாகவும் மறுகரையில் இருட்டாகவும் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு அந்த இரண்டு பேருமே வேண்டியிருந்தது. ஒருவர் மட்டும் படித்திருந்தால், அவர் சொன்னதை நம்பித் தவறான பக்கம் திருத்தியிருப்பீர்கள். கடிதத்தைப் பார்த்தால் இரண்டு முறை அப்படித்தான் திருத்தியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

மற்ற வகை நாவல்களில் சக எழுத்தாளர்களிடம் கருத்துக் கேட்கலாம். மர்ம நாவலில் கருத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு: எந்தப் பக்கத்தில் வாசகருக்கு என்ன தெரிந்திருந்தது, யார்மேல் சந்தேகம் இருந்தது, எப்போது அது மாறியது என்ற பதிவு. உங்கள் நாவல் நின்றாலும் விழுந்தாலும் அந்தப் பதிவில்தான். ‘அருமை’ என்ற மூன்று பேரை நான் குறை சொல்லமாட்டேன், ‘எப்படி இருக்கிறது?’ என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், நண்பர் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு உரிய பதிலை அவர்கள் தந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தரங்கமாகத் தோன்றியவை எத்தனையோ இருந்திருக்கும். அவற்றைக் கேட்கும் கேள்வி உங்களிடமிருந்து போகவில்லை.

இனி அனுப்பும்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும், அடுத்ததைத் திறக்கும் முன், இரண்டே வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள்: இப்போது யாரைச் சந்தேகிக்கிறீர்கள், எதனால்? நடுவில் எங்காவது கைப்பேசியை எடுத்தாலோ, எழுந்து போனாலோ, அந்தப் பக்க எண்ணையும் குறிக்கச் சொல்லுங்கள். முடிவு தெரிந்த பிறகு முன்பு எழுதியதைத் திருத்தக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஏனென்றால் முடிவு தெரிந்தபின் மனித நினைவு தன்னைத் திருத்திக்கொள்கிறது. ‘எனக்கு அப்போதே தெரியும்’ என்று மனதார நம்பிச் சொல்பவர்கள் பலர், பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் அப்போது வேறொருவரைச் சந்தேகித்திருப்பார்கள். உங்கள் மண்டபத்து நண்பர் விஷயத்தில் எனக்கு அந்த ஐயம் இல்லை, கச்சானை அறிந்தவர் அந்த வரியில் நின்றே தீர்வார். ஆனாலும், மூன்றாம் அத்தியாயம் முடிந்த அன்று அவர் யாரிடமாவது சொன்னாரா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் செம்மையாக்கிய ஒரு கைப்பிரதிக்கு அப்படி ஒரு வாசகியின் நோட்டுப் புத்தகம் கிடைத்தது. நான்காம் அத்தியாயத்துக்கு அவர் எழுதியிருந்தது ‘தம்பிமேல் சந்தேகம், காரணம் சொல்லத் தெரியவில்லை’ என்று. ஐந்தாவதற்கு, ‘அதே.’ ஆறாவதற்கு, ‘அதே. அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.’ ஏழாவதற்கு ஒன்றும் எழுதவில்லை. எட்டின் நடுவில், பக்க ஓரத்தில், ‘கண்ணாடியை ஏன் துடைத்தான்?’ என்று மூன்றே சொற்கள். அந்த மூன்று சொற்களைப் பார்த்துவிட்டு ஆசிரியர் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எட்டாம் அத்தியாயத்தில் அவர் ஒளித்து வைத்த துப்பு அந்தக் கண்ணாடிதான். வாசகி அதைக் கவனித்திருக்கிறார், ஆனால் பொருள் விளங்கவில்லை. துப்பு எந்த அளவுக்குத் தெரியவேண்டுமோ அந்த அளவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. ஏழாவதில் ஒன்றும் எழுதாமல் விட்டதும் செய்தியாகவே இருந்தது, அந்த அத்தியாயம் பின்னால் பாதியாகக் குறைந்தது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, தம்பி. இதை நான் பிழை செய்து கற்றுக்கொண்டேன். ஒரு வாசகர் ஒரு மர்மக் கதையை முடிவு தெரியாமல் படிப்பது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அந்த முறை முடிந்துவிட்டால் அவர் எத்தனை நல்லவராக இருந்தாலும், எத்தனை நுட்பமாகப் படிப்பவராக இருந்தாலும், அந்தக் கதைக்கு முதல் வாசகராக மறுபடி ஆக முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு துப்பறியும் நாவலை ஆறு முறை படித்துச் செம்மையாக்கி அச்சுக்கு அனுப்பினேன். பத்தொன்பதாம் அத்தியாயத்தில், விசாரணை அதிகாரி தான் ஒருபோதும் நுழையாத ஓர் அறையின் சாவி எங்கே தொங்குகிறது என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார். அவருக்கு அது எப்படித் தெரியும்? ஆசிரியருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எங்கள் இருவருக்கும் தெரிந்ததாலேயே அதிகாரிக்கும் தெரிந்திருக்கும் என்று இருவருமே ஆறு முறையும் கடந்துபோய்விட்டோம். புத்தகம் வெளிவந்த மாதமே பரமக்குடியிலிருந்து ஒரு வாசகர் அஞ்சலட்டையில் அதைக் கேட்டு எழுதினார். ஆசிரியரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கைப்பிரதியை ஒருவருக்காவது நான் புதிதாகக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆகவே ஐந்து பேருக்கும் ஒரே நாளில் அனுப்பியதுதான் நீங்கள் செய்த பெரிய தவறு என்று நினைக்கிறேன். அடுத்த நாவலுக்கு இரண்டு பேருக்கு மட்டும் அனுப்புங்கள்: ஒருவர் இந்தக் கரையை அறிந்தவராகவும், மற்றவர் கடலையே அறியாதவராகவும் இருக்கட்டும். அவர்கள் தரும் பதிவைக் கொண்டு திருத்திய பிறகு அடுத்த இருவர். ஐந்தாமவரைக் கடைசிவரை வைத்திருங்கள்.

இனி அந்தத் தென்கடல் வரியை என்ன செய்வது? பொதுவாக நான் எழுத்தாளர்களுக்கு வழி சொல்வதில்லை. இடத்தைக் காட்டுவதோடு நின்றுவிடுவேன். நீங்கள் இரண்டு முறை திருத்திச் சோர்ந்துபோயிருப்பதால் இம்முறை ஒரு யோசனையை முன்வைக்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கடலறியாத வாசகருக்குக் காற்றை முன்கூட்டியே காட்டிவிட வேண்டும். காட்டுவது பாடமாக இருக்கக் கூடாது, துப்பு என்ற வாடையும் அடிக்கக் கூடாது. முதல் அத்தியாயத்தில் படகைத் தென்கரையிலிருந்து வடகரைக்கு மாற்றுவதற்கு ஆள் கூலி யார் கொடுப்பது என்று அண்ணனும் தம்பியும் சண்டை போடலாம். வாசகர் சண்டையைத்தான் கவனிப்பார், காற்று அவரை அறியாமல் உள்ளே போய்விடும். இந்தக் கரை வாசகரை ஏமாற்றுவது கடினம் என்பதால் அவரை ஏமாற்ற முயல வேண்டாம். அவர் பொய்யைக் கண்டுபிடிக்கட்டும். ஏழாம் அத்தியாயத்திலேயே காவல்துறையும் கண்டுபிடித்து, அன்றிரவு அவன் கடல் அட்டை மூட்டையைக் கைமாற்றிக்கொண்டிருந்தான், அதை மறைக்கத்தான் தென்கடல் கதை சொன்னான் என்று தெரியவரட்டும். கடலடியில் வாழும் உயிரினமான கடல் அட்டை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதைப் பிடிப்பதும் கடத்துவதும் கடுமையான குற்றம் என்பதால் ஒருவன் அதற்காகப் பொய் சொல்வதை இங்கே யாரும் நம்புவார்கள். பொய்க்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று மண்டபத்து நண்பரைப் போன்றவர் அவனை மனத்திலிருந்து விட்டுவிடுவார். அதற்குப் பின் உண்மையிலேயே அவனைப் பிடித்துக் கொடுக்கும் துப்பு வேறொன்றாக, இரண்டு கரைக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும். அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பதினோராம் அத்தியாயத்தில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. கதை 2025இல் நடக்கிறது. இன்ஸ்பெக்டர் ‘302இல் வழக்குப் பதியுங்கள்’ என்கிறார். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது; அதற்குப் பின் நடந்த கொலைக்கு 103ஆம் பிரிவுதான். ஓய்வுபெறும் வயதில் இருக்கும் ஒரு தலைமைக் காவலர் பழக்கத்தில் ‘முந்நூத்திரெண்டு’ என்று சொல்லி, இளைய அதிகாரி திருத்துவதாக வைத்தால் அது பாத்திரத்துக்கே உயிர் கொடுக்கும். முதல் தகவல் அறிக்கையில் மட்டும் சரியாக இருக்கட்டும். இப்படிப்பட்டவற்றை யார் சுட்டினாலும் விவாதிக்காமல் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். சரிபார்த்துவிடக்கூடிய ஒன்றுக்கு இரண்டு பேரின் அபிப்பிராயம் தேவையில்லை.

சென்னை நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன தகவல் முற்றிலும் சரி. 1964 டிசம்பர் 22 இரவு தொடங்கிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு ரயிலே கடலில் போயிற்று. அந்தத் தண்டவாளம் மறுபடி போடப்படவில்லை. 1972இல் அங்கே எவரும் ரயிலில் இறங்கியிருக்க முடியாது. இடிந்த நிலையச் சுவரைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அந்தப் பக்கத்தைப் படித்ததும் மனம் பதறியிருக்கும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் எழுதிய வாக்கியத்தில் அந்தத் தகவல் எங்கே இருக்கிறது? ‘ஊரைப் பார்க்காமலே எழுதியிருக்கிறீர்கள்’ என்பது கதையைப் பற்றிய வாக்கியம் அல்ல, எழுதியவரைப் பற்றியது. அதைப் படித்த அவருக்குத் திருத்துவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை, வருத்தப்படுவதற்கு மட்டும் கிடைத்தது. நேர்மை குறைந்ததாக நான் சொல்லவில்லை, வேலை குறைந்துவிட்டது என்கிறேன்.

அதே பக்கத்துக்கு இப்படி எழுதியிருக்கலாம்: ‘நாற்பதாம் பக்கம்வரை நிறுத்தாமல் படித்தேன். நாற்பத்தொன்றில் தனுஷ்கோடி நிலையம் வந்ததும் கதையை நம்புவதை நிறுத்திவிட்டேன், ஏனென்றால் 1964 புயலோடு அங்கே ரயில் நின்றுவிட்டது. 1972இல் கடைசி நிலையம் ராமேஸ்வரம். அங்கே இறக்கினால் உங்கள் கதைக்கு ஒன்று கூடுதலாகக் கிடைக்கும் என்று தோன்றுகிறது. சாலைப் பாலம் 1988இல்தான் திறந்தார்கள். அதுவரை இந்தத் தீவைவிட்டு வெளியேற வேண்டுமானால் பாம்பன் பாலத்தின் மேல் ரயில், இல்லையென்றால் படகு, அதுவும் இல்லையென்றால் தலைமன்னார் போகும் கப்பல். கொலை நடந்த இரவில் காற்று பலமாக அடித்து, பாலத்தில் ரயிலை விடாமல் நிறுத்திவிட்டால், கொலைகாரன் தீவுக்குள்ளேதான் இருக்கிறான்.’

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, ஒரு பிழையும் மறைக்கப்படவில்லை. எந்தப் பக்கம்வரை கதை தன்னை இழுத்துச் சென்றது, எங்கே விட்டது, ஏன் விட்டது என்பதைப் படித்தவர் சொல்லியிருக்கிறார். எழுதியவருக்கு அடுத்த நாள் காலையில் உட்கார்ந்து செய்ய ஒரு வேலை இருக்கிறது. 1972இல் அந்தக் கப்பலில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கதாநாயகன் ரயிலில் வராமல் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகவும் வரலாம். சென்னையில் இருப்பவருக்கு இதையெல்லாம் யார் சொல்வது? உங்களையும் மண்டபத்து நண்பரையும் தவிர உங்கள் குழுவில் வேறு யாராலும் முடிந்திருக்காது. அவருக்கு நீங்களே முதலில் எழுதுங்கள். தகவலில் பின்வாங்க வேண்டாம். சொன்ன விதத்துக்கு மட்டும் வருத்தம் தெரிவித்துவிட்டு, மேலே உள்ளதைப் போல உங்கள் வார்த்தைகளில் அந்தப் பக்கத்தைப் பற்றி எழுதுங்கள். பதில் வராமலும் போகலாம். வராவிட்டாலும் அவருடைய நாவலுக்கு அந்தக் கடிதம் பயன்படும்.

திருட்டுப் பயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதி வைத்த அந்தக் கணமே எழுத்து உங்களுடையது. பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கருவுக்கோ கதைக்கட்டுக்கோ உரிமை கோர முடியாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1978இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே ஆடி மாதத்துக் கொலை என்ற கரு யாருக்கும் பொதுவானது. உங்கள் 22 அத்தியாயங்கள் உங்களுக்கு மட்டும் உரியவை. ஒவ்வொரு வடிவத்தையும் தேதியோடு சேமித்து, அனுப்பிய மின்னஞ்சல்களை அழிக்காமல் வைத்திருங்கள். மேற்கொண்டு பயப்படத் தேவையில்லை.

கோயம்புத்தூர் நண்பருக்குத் திருத்திய வடிவத்தை உடனே அனுப்ப ஆசையாக இருக்கும். அனுப்பாதீர்கள், கொலைகாரன் யாரென்று அவருக்குத் தெரியும். மனம் திறந்து கோபப்பட்டதற்கு நன்றி மட்டும் சொல்லுங்கள், அடுத்த நாவலுக்கு அவரை முதல் இருவரில் ஒருவராக வையுங்கள். இந்த நாவலுக்கு இனி வேண்டியவர்கள், இதைப் பற்றி இதுவரை ஒன்றும் கேள்விப்படாத இரண்டு பேர். உள்ளூரில் ஒருவரை நீங்களே தேடிக்கொள்ளலாம்; கடலுக்குப் போகிறவராக இருந்தால் நல்லது, எழுதுகிறவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மற்றவராக நானே இருந்திருக்கலாம். ஆனால் கதைச்சுருக்கத்தில் முடிவையும் எழுதி அனுப்பிவிட்டீர்கள். என்னோடு பணியாற்றும் ஒரு பெண் தருமபுரிக்காரர், கடலை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை, இந்தப் பதிலையும் படிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். திருத்திய கைப்பிரதியை, சுருக்கம் எதுவும் இல்லாமல், ஒரு காலி நோட்டுப் புத்தகத்தோடு அவர் பெயருக்கு அனுப்பி வையுங்கள்.